வேலி தாண்டிப் போன பந்துகள்

கோல் போஸ்டுக்கு நடுவில் நிற்கிறவனுக்கு மனிதர்களின் முகத்தைவிட முதுகுதான் அதிகப் பழக்கம். நம்ம ஆட்கள் பத்துப் பேரும் எதிர்ப் பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் நானும் காற்றும்தான். தங்கத்தை எடுத்துவிட்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டியே குன்றாக வளர்ந்துவிட்ட சயனைடு மேட்டிலிருந்து சாயங்காலக் காற்று கிளம்பி வரும். வந்து கண் நிறைய மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். துடைத்துக்கொண்டு நிற்பேன். பல வருஷம் அப்படி நின்றேன். அத்தனை வருஷத்தில் நான் அதிகமாகப் பார்த்த முதுகு என் டீம்காரன் எவனுடையதும் இல்லை. ஒரு தொரையுடையது.

எங்கள் மைதானம் ஊரிகம் பக்கம் இருந்தது. புல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிழக்குக் கோடி கோலுக்குப் பின்னால் உண்ணிச்செடி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களா. பங்களாவின் பக்கவாட்டில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு பிரம்பு நாற்காலி. மத்தியானம் வேலை முடிந்து வந்தால் பொழுது சாயும்வரை தொரை அதில் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவர் கீழே, தங்கச் சுரங்கத்துக்குள், மரம் போடுகிற ஆட்களுக்கு ஃபோர்மன். பாறை தலையில் விழாமல் முட்டுக் கொடுக்கிற வேலை அது. தன் நாட்டில் பெரிய பந்தாட்டக்காரராக இருந்தவர் என்று ஊருக்கே தெரியும். எப்படித் தெரியும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஆள், கூப்பிடு தூரத்தில் ஆட்டம் நடக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? ராபர்ட்சன்பேட்டை டீக்கடைகளில் இதற்கு ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பழசை நினைத்து மனசு தாங்கவில்லை என்றது ஒரு கட்சி. பொறாமை என்றது இன்னொரு கட்சி. வெறுங்காலோடு புழுதியில் புரள்கிற நம்ம ஆட்டத்தைப் பார்ப்பதே அவருக்குக் கேவலம், அதுதான் திமிர் என்றது மூன்றாவது கட்சி. நான் மூன்றாவது கட்சி. எனக்கு அந்த முதுகைக் கண்டாலே எரிச்சலாக வரும்.

எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. என் பிழைப்பே பந்துதான்.

சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்ட புதிது. தொரைமார்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பந்தாட்ட டீம் இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு மேலேயே, வெயில் படுகிற இடத்தில், வேலை கொடுக்கும் பழக்கமும் இருந்தது. சுரங்க ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் அதற்குப் பெயரே பந்து வேலை. எனக்கு டைம் ஆபீஸ் ஜன்னலில் கிடைத்தது. கீழே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுக்க வேண்டும். மேலே வந்ததும் திரும்ப வாங்கி ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான் வேலை.

வேலை கிடைத்த அன்றைக்கு அம்மா கற்பூரம் ஏற்றினாள். அப்பா பாறையில் மெஷினால் துளை போடுகிறவர். கல்தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து அப்போதே இருமல் ஆரம்பித்திருந்தது. அவர் சாமி கும்பிடவில்லை. என்னை வெளியே கூப்பிட்டார்.

"மேலயே இருடா. இன்னா ஆனாலும் சரி, கீழ வராத. இந்த வீட்ல ஒரு நெஞ்சு போனது போதும்" என்றார்.

"சரி நைனா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் நான் பந்தைப் பிடித்தேன். கோப்பைக்காகப் பிடித்தான், பேருக்காகப் பிடித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு தடவை பந்து என்னைத் தாண்டி உள்ளே போகும்போதும் என் காலுக்குக் கீழே கேஜ் ஒரு சாண் இறங்குவதுபோல் இருக்கும். கேஜ் என்பது ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. அதற்குள் ஒரு நாளும் கால் வைக்கக் கூடாது என்பதுதான் என் ஆட்டம்.

மேலேயே இருந்தேன். தனியாகவும் இருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலில் என் முன்னால் நீள்வதெல்லாம் கைகள்தான். கையைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் டீக்கடையில் கூடி இன்றைக்கு எந்த லெவலில் என்ன ஆச்சு, எவன் எப்படித் தப்பித்தான் என்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் போய் உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும். "இன்னாபா கோலி, மேல வெயிலு சுடுதா? கீழ வா, இன்னும் நல்லா சுடும்" என்பான் ஒருவன். கோல்கீப்பரை அங்கே கோலி என்பார்கள். எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் அவர்களோடு சேர்ந்து அல்ல. அவர்களுக்கு நான் ஆபீஸ்காரன். ஆபீஸில் நான் லைன் வீட்டுப் பையன். அப்பாவின் கைகூட தினமும் அந்த ஜன்னலுக்குள் நீளும். டோக்கனை வைப்பேன். எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஜன்னலில் என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். மகன் கீழே வேலை செய்கிறவனாக இருந்தால் மற்ற அப்பாக்கள் வரிசையில் அவனைப் பற்றிப் பேசுவார்கள். அப்பாவுக்கு என்னைப் பற்றிப் பேச அங்கே ஒன்றும் இல்லை.

பந்து வெளியே போனால் எந்தக் கோடியில் போகிறதோ அந்தக் கோடி கோலி போய் எடுத்துவர வேண்டும். இது எங்கள் மைதானத்துச் சட்டம். கிழக்குக் கோடியில் போனால் அது வேலியைத் தாண்டித் தொரை வீட்டுக்குள்தான் விழும். வேலியில் ஒரு சந்து இருந்தது. நான் அங்கே போய் நிற்பதற்குள் தொரை எழுந்து, லேசாக நொண்டிக்கொண்டு, பந்தை எடுத்து வருவார். சுடுசட்டியை இறக்குவதுபோல் இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு வருவார். ஒரு தடவைகூடக் காலால் தட்டியதில்லை. டீமில் அத்தனை பேருக்கும் ஒரே ஆசை, இந்த மனுஷன் ஒரு தடவை உதைத்துப் பார்க்க வேண்டும் என்று. நடக்கவே இல்லை.

முதல் தடவை, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இங்கிலீஷ்காரர்கள் நல்லவர்கள் என்கிற மாதிரி ஏதோ சொல்லி நன்றி சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் இங்கிலீஷ் இல்லே. ஐரிஷ்" என்றார் தமிழில். எங்களுக்கு எல்லா வெள்ளைக்காரனும் இங்கிலீஷ்காரன்தான். நான் விழித்ததைப் பார்த்து, "உன்னிய ஒருத்தன் தெலுங்குன்னா உடுவியா?" என்றார். அவர் தமிழ் சுரங்கத்துக்குள் கற்றுக்கொண்ட தமிழ். பாதி கட்டளை, பாதி கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தைகளைத்தான் சுத்தமாக உச்சரிப்பார்.

அடுத்த பந்துக்குப் போனபோது நானாகக் கேட்டேன், உங்கள் ஊரில் எந்த இடத்தில் ஆடினீர்கள் என்று. "லெஃப்ட் அவுட்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அதாவது இடது ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரர். அதற்கடுத்த பந்துக்கு இன்னொரு வாக்கியம். இப்படியே வழக்கமாகிவிட்டது. ஒரு பந்துக்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் கேட்டாலும் கிடைக்காது. அவருடைய முழு வாழ்க்கையையும் நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், பயிற்சியின்போது கதை பாதியில் நிற்கிறதே என்று கைக்கு வந்த பந்தையே வேலிக்கு மேலே குத்தி அனுப்பியிருக்கிறேன். கேப்டன் பார்த்துவிட்டார். "இன்னாடா, கோலுக்கு நிக்கிறியா, தொரை வூட்ல சம்பந்தம் பேசப் போறியா?" என்று கத்தினார்.

துண்டு துண்டாக வந்த கதை இது. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், எந்நேரமும் மழை. அப்பா மீன்பிடிக்காரர். மீசை முளைப்பதற்குள் இங்கிலாந்துக் கிளப் ஒன்று பார்த்துக் கூப்பிட்டுவிட்டது. "படகு. ராத்திரி பூரா வாந்தி. காலைல இங்கிலாந்து" என்றார். அதுவே மூன்று வாக்கியம், அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கம் நிறைந்த ஊர், கரிப்புகை, தொப்பி போட்ட ஜனக்கூட்டம். பெயர் வர ஆரம்பித்த நேரத்தில் சண்டை வந்தது. உலகம் முழுக்க அடித்துக்கொண்ட அந்த வருஷங்களில் பந்தாட்டம் படுத்துவிட்டது. ஒரு ஆட்டக்காரனுக்கு நல்ல வயசு என்று எதைச் சொல்கிறோமோ அந்த வயசு அதோடு போய்விட்டது. சண்டை முடிந்து திரும்ப ஆடி, தன் நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். மழையில். நாட்டுக்கு ஆடினால் அங்கே குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி ஒன்று கொடுப்பார்களாம். அதை அம்மாவுக்கு அனுப்பிவிட்டார். அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாராம்.

"தலைல போட்டுக்கினீங்களா தொரை?" என்று கேட்டேன்.

"சின்னது. என் தல பெருசு" என்றார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் முழங்கால். பனியில் இறுகிப்போன தரையில் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். வைத்தியம் பார்த்தார்கள், சரியாகவில்லை. கிளப் கைவிடவில்லை, வேலை கொடுத்தது. மைதானத்துத் தகரச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஆட்டம் நடக்கும் நாளில் அவர் சுவருக்கு வெளியே, ஆட்டம் சுவருக்கு உள்ளே. பார்க்க முடியாது, கேட்கலாம். "சத்தமே சொல்லும். எந்தக் காலு, எவ்ளோ தூரம், உள்ளயா வெளியயா. எல்லாம் சொல்லும்" என்றார். எத்தனை நாள் அதைக் கேட்டுக்கொண்டே பெயின்ட் அடிக்க முடியும்? ஒரு நாள் டப்பாவை வைத்துவிட்டு அந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். அங்கிருந்துதான் இங்கே.

இதைச் சொல்லி முடித்த அன்றைக்குப் பந்தை என் கையில் கொடுத்துவிட்டு உடனே திரும்பவில்லை. என் முழங்காலைப் பார்த்தார். "பந்து போச்சு, குழி வந்துச்சு. உனக்கும் அதான்" என்றார்.

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம்! ஒரு மனுஷனிடம் பேசும் பேச்சா இது? பல வாரம் அவரிடம் வாய் திறக்கவில்லை. பந்து வேலி தாண்டினால் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. உண்மையில் அந்த வாரங்கள்தான் எனக்கு ரொம்ப மோசமாக இருந்தன. பேச ஒரே ஆள் இருந்தார், அவரோடும் சண்டை.

அப்போது வெளியூரிலிருந்து ஒரு புது ஆபீசர் வந்தார். பந்தாடுகிறவனுக்கெல்லாம் மேலே வேலை எதற்கு, கம்பெனி என்ன சத்திரமா என்று கேட்டார். கேப்டன் போய் நின்று கெஞ்சியதில் ஒரு வழிக்கு வந்தார். பெங்களூரிலிருந்து வருகிற டீமை எங்கள் மைதானத்தில் ஜெயித்துக் கோப்பையை எடுத்தால் டீம் இருக்கும், அவரவர் வேலையும் இருக்கும். தோற்றால் டீம் கலையும், எல்லாரும் கீழே. அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ஆட்டத்தன்று அப்பாவுக்கு மத்தியான ஷிப்டு. லீவு போட்டு ஆட்டம் பார்க்கச் சொன்னாள் அம்மா. "பாத்தா அவன் கை நடுங்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ஜன்னலில் வேறு ஆள். அப்பாவுக்கு டோக்கன் கொடுத்தது நானில்லை.

ஊரே மைதானத்தில் இருந்தது. மத்தியான ஷிப்டு ஆட்கள் தவிர மிச்சப் பேர் எல்லாம். ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக நின்றது ஆட்டம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் கிழக்குக் கோடியில், எனக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் தொரையின் முதுகு. பெங்களூர்ப் பையன் ஒருவன் பந்தோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான். உயரமாக, அழகாக வந்தான். பூட்ஸ் போட்டிருந்தான். எனக்குப் பயமில்லை. அவன் கண்ணைப் பார்த்தே எந்தப் பக்கம் அடிப்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது தரை அதிர்ந்தது.

எங்கள் ஊரில் இது தெரியாத குழந்தை கிடையாது. ஆழத்தில் பாறையைக் குடைந்து குடைந்து வெறுமையாகிப்போன இடத்தில், மிச்சப் பாறை பாரம் தாங்காமல் வெடிக்கும். மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரம் கிணுகிணுக்கும். அந்த நொடியில் சோறு வடிக்கிறவளும் சவரம் செய்துகொள்கிறவனும் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஒரே இடத்தைத்தான் பார்ப்பார்கள். கேஜ் இறங்குகிற குழியான ஷாஃப்டுக்கு மேலே உயரத்தில் சுற்றுகிற பெரிய சக்கரம். அது சுற்றினால் கேஜ் ஓடுகிறது, மூச்சு விடலாம். அது நின்றால் செருப்பைக்கூடப் போடாமல் ஓட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது. தும்மினால் கண் மூடுகிற மாதிரி.

சக்கரம் எனக்குப் பின்னால், கிழக்கே இருந்தது. திரும்பினேன். பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். என் முன்னால் ஓடிக்கொண்டிருந்த எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரும் நின்று சக்கரத்தைப் பார்த்தார்கள். மைதானம் முழுக்க அத்தனை தலையும் ஒரே பக்கம். வேலிக்கு அப்பால் தொரை நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதும் தெரிந்தது. அவருடைய முதுகும் அசையவில்லை.

சக்கரம் நின்றிருந்தது.

என் காலுக்குப் பக்கத்தில் ஏதோ உரசிக்கொண்டு போனது. வலை அசைந்தது. பெங்களூர்ப் பையன்கள் கட்டிப் பிடித்துக் கத்தினார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? யாரோ மேளத்தை ஓங்கி அடித்தார்கள் என்று நினைத்திருப்பார்கள். வெளியூர் ரெஃப்ரி விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்டினார். அதைப் பார்க்க மைதானத்தில் ஆள் இல்லை. ஜனம் மொத்தமும் ஷாஃப்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நானும் ஓடினேன். வேலிச் சந்து வழியாகப் புகுந்து, தொரை வீட்டு வாசலைக் கடந்து ஓடினேன். எனக்கு முன்னால் தொரை நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் காலோடு ஒரு மனுஷன் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காற்றுக் குழாய் உடைந்தது, யாரும் இல்லாத பக்கம் கொஞ்சம் கல் சரிந்தது. ரொம்ப நேரம் கழித்து, பார்த்துக்கொண்டே இருந்தபோது, சக்கரம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. பொம்பளைகள் அழுதார்கள். இரண்டாவது கேஜில் அப்பா வந்தார். முகமெல்லாம் தூசி, கண் மட்டும் சிவப்பாக. கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் ஜெர்சியைப் பார்த்தார்.

"ஜெயிச்சீங்களா?" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். அவர் இருமி முடித்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் போய் டோக்கனைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஊரில் ஒருத்தன்கூட என்னைக் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், அத்தனை பேரும் திரும்பியவர்கள்தானே. ஆனால் ஆபீசர் வெளியூர்க்காரர். "பந்துக்கு முதுகைக் காட்டுகிற கோலியை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தாராம். டீம் கலைந்தது. பதினோரு பேருக்கும் ஆர்டர் வந்தது.

மானத்தை விட்டுத் தொரையிடம் போனேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாம் என்றுதான். அன்றைக்கு ஓடிக் கடந்ததைத் தவிர, அதுவரை வேலிச் சந்தோடு சரி, வீட்டுப் பக்கம் போனதில்லை. அவர் வேப்பமரத்தடியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். இருந்தது அது ஒன்றுதான். அந்த வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. மறுத்தும் கேட்கவில்லை. உட்கார்ந்தேன்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். "இப்ப என் பேச்ச யாரு கேக்குறா? என் ஆளுங்க எல்லாம் பூட்டாங்க" என்றார். அப்படிச் சொல்வார் என்று தெரிந்தேதான் போனேன். ஆனாலும் கேட்டபோது ஏமாற்றம்தான். முகத்தை மறைக்க நேரே பார்த்தேன்.

நேரே இரண்டு சவுக்கு மரங்கள். நின்றுகொண்டு பார்த்தால் கிளை மறைக்கும். உட்கார்ந்தால், அந்த நாற்காலி இருந்த இடத்தில் இருந்து, உட்கார்ந்த கண்ணுக்கு மட்டும், இரண்டு மரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி நிறைய ஷாஃப்டின் சக்கரம். சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் எதற்கும் முதுகைக் காட்டி உட்காரவில்லை. அந்தச் சக்கரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும்.

என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "காலைல நாங்க மரம் போடுறோம். மத்தியான ஷிப்டு அதுக்குக் கீழ நிக்கிறான். மரம் தாங்குதா இல்லையான்னு சக்கரம்தான் சொல்லும்" என்றார்.

"ஆட்டம் பாக்கணும்னு தோணலியா தொரை?"

"கேட்டுக்கினு இருந்தேன்."

"அந்தக் கடைசி கோலு?"

"வலது காலு. நல்ல அடி இல்லே. நீ பாத்திருந்தா புடிச்சிருப்பே." சக்கரத்தைக் காட்டினார். "நானும் உன்ன மாதிரிதான் நின்னேன்" என்றார்.

அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்ததற்கு எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, என் ஊர்க்காரன் ஒருவன் இத்தனை நாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது தெரியாமல் போனதே என்று இருந்தது.

கீழே இறங்கினேன். அப்பா ஒன்று மட்டும் சொன்னார், "என் ஷிப்டு வாணாம். ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கக் கூடாது." லைன் வீடுகளில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம், ஒன்று நடந்தால் வீட்டுக்கு ஒருத்தனாவது மிஞ்ச வேண்டும். அதனால் நான் மத்தியானம் என்றால் அவர் காலை, நான் காலை என்றால் அவர் மத்தியானம். வீட்டில் கட்டில் ஒன்றுதான். ஒருவர் படுத்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுப்போம். பேசிக்கொள்ள நேரமே வாய்த்ததில்லை. கீழே டீக்கடைக் கூட்டம் என்னைச் சேர்த்துக்கொண்டது. "வா கோலி, சுடுதா?" என்று இடம் விட்டார்கள். நல்லவர்கள். ஆனால் இருட்டில் பாறைக்குக் கீழே குந்தியிருக்கும்போது அவனவன் தனியாகத்தான் இருக்கிறான். அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டேன்.

மத்தியான ஷிப்டுக்கு ஷாஃப்டு மேடையில் கேஜுக்காக நிற்கும்போது கண் தானாகச் சவுக்கு மரங்களுக்கு நடுவே போகும். தொரை அப்போதுதான் வேலை முடிந்து வந்து, நாற்காலியைத் துடைத்து, உட்கார்வார். கையைத் தூக்குவது, ஆட்டுவது எதுவும் கிடையாது. உட்கார்வார், அவ்வளவுதான். கேஜ் கதவு சாத்தும்போது நான் கடைசியாகப் பார்ப்பது அதுதான். எனக்காக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்குவேன். என் ஒருவனுக்காக இல்லை என்று தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன்.

டீம் போனபின் மைதானத்தில் சின்னப் பசங்கள்தான். அவர்கள் பந்து ஒன்று வேலி தாண்டிப் போய்விட்டது. தொரை வீட்டுக்குள் போய்க் கேட்கப் பயந்துகொண்டு விட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பழைய கோல் போஸ்டில் சாய்ந்து, வேலிக்கு முதுகைக் காட்டிச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சுவரில் பந்து மோதுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. அப்புறம் நிற்காமல். இடது கால். எல்லா அடியும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில். எழுந்து எட்டிப் பார்த்திருக்கலாம், எத்தனை வருஷத்து ஆசை அது. பார்க்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது.

அடுத்த வாரம் வேலிச் சந்தில் என்னைக் கூப்பிட்டார். பசங்களின் பந்தை இரண்டு கையாலும் நீட்டினார். பந்து இருந்ததால் ஒரு வாக்கியமும் இருந்தது. "அம்மா பூட்டாங்க. தொப்பி மட்டும் செவுத்துல தனியா கீதாம்" என்றார். ஊருக்குப் போகப் போகிறார் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது நான் கீழே இருந்தேன். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. வழியனுப்ப யாராவது போனார்களா என்று பல பேரிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு மேடையில் நின்றபோது நாற்காலி மட்டும் இருந்தது. கேஜ் கதவு சாத்தினார்கள். அன்றைக்கு இறங்கிய மாதிரி பயந்து நான் ஒரு நாளும் இறங்கியதில்லை.

அடுத்த வாரம் ஷிப்டு மாறியது. எனக்குக் காலை, அப்பாவுக்கு மத்தியானம். மேலே வந்து டோக்கனைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது அப்பா வரிசையில் நின்றிருந்தார். எதிரும் புதிருமாகக் கடந்து போனோம். அவர் இருமல் கேஜ் கதவு சாத்தும்வரை கேட்டது. வீட்டுக்குப் போகாமல் பங்களாப் பக்கம் போனேன். காவல்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"குர்ச்சிய அப்படியே உடுன்னு சொல்லிட்டுப் போனாரு தொரை. யாரோ வருவான்னாரு. நீதானா அது?" என்றார்.

நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தேன். மரங்களுக்கு நடுவே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், பசங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் இடது காலால் நன்றாக அடித்தான், சத்தத்திலேயே தெரிந்தது. கோல் என்று எல்லாரும் கத்தினார்கள்.

நான் திரும்பவில்லை. அப்பா கீழே இருந்தார்.